வெளியே நின்று பார்க்கிறவள்

கேற்றைச் சாத்தினால் மனிதர் திரும்பி வீட்டுக்குள் போவார்கள். அவள் அப்படியில்லை. பொழுதுபட, விளக்கு வைக்கிற நேரத்தில் கேற்றடிக்குப் போவாள். இரண்டு கதவையும் இழுத்துச் சாத்துவாள். பிறகு பக்கத்துச் சின்னப் படலையால் ஒழுங்கைக்கு இறங்கி, எதிர் மதிலோடு ஒட்டி நின்று எங்கள் வீட்டைப் பார்ப்பாள். யாரோ வழியால் போகிற ஆள் பார்ப்பது போலத்தான் பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் உள்ளே வந்து கொளுக்கி போடுவாள்.

வந்த புதிதில் நான் இதைக் கண்டுவிட்டு, “என்ன பிள்ளை, விசரோ உனக்கு? களவெடுக்க வந்தவள் மாதிரி நிண்டு பாக்கிறாய்?” என்றேன்.

“உள்ளுக்கு நிண்டு பாத்தால் எல்லாம் பூட்டின மாதிரித்தான் தெரியும் மாமி. வெளியிலை நிண்டாத்தான் எது திறந்து கிடக்கெண்டு தெரியும்,” என்றாள்.

அன்றைக்குக் கிணற்றடிப் பக்கத்து யன்னல் ஒன்று ஆவென்று திறந்து கிடந்தது. இத்தனை காலம் அந்த வீட்டை ஆண்டவள் எனக்கு அது தெரியவில்லை. வந்து ஒரு மாதமாகாதவளுக்குத் தெரிந்தது.

அவள் பெயரை நான் சொல்லப் போவதில்லை. அவளுக்கு இனி ஒரு வாழ்வு இருக்கிறது. என் வாயால் அதற்குக் கண்ணூறு வர வேண்டாம். நான் அவளைக் கூப்பிட்டதும் ‘பிள்ளை’ என்றுதான். என் ஒரே மகனின் பெண்சாதி. புத்தூரில் எடுத்த சம்பந்தம். கனடாவிலிருந்து லீவில் வந்த மகனுக்கு எங்கள் சொந்த மணவறையில் வைத்துத் தாலி கட்டுவித்தேன். லீவு முடிய அவன் போனான். ஸ்பொன்சர் போட்டுக் கூப்பிடுகிறேன் என்று சொல்லிப் போனான். கூப்பிடுமட்டும் அவள் என்னோடு இருப்பதென்று பேச்சு. ஒரு மழை பார்த்து அடுத்த வெயிலுக்குப் போய்விடுவாள் என்று எல்லோரும் நினைத்தோம். பிறகு எத்தனை மழை பெய்தது என்று நான் எண்ணவில்லை. அவளுக்கு முன்னால் எண்ணுவது மரியாதையில்லை.

எங்களுடையது மானிப்பாய். கலியாண வீடுகளுக்குக் கொண்டுபோய்ப் பொருத்துகிற மணவறையை வாடகைக்குக் கொடுக்கிற வீடு. என் மனுசன் தொடங்கிய தொழிலை அவர் போன பிறகும் நான் விடவில்லை. நாலாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் எந்தத் தூணுக்கு எந்தக் கும்பம், எந்த யானைக்கு எந்தத் தும்பிக்கை என்று கண்ணை மூடித் தடவிச் சொல்வேன். எங்கள் மணவறையில் இருந்து தாலி வாங்கிய பெண்கள் இன்றைக்குத் தங்கள் பிள்ளைகளைக் கட்டிக்கொடுக்கிறார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று நான் சொன்னால் அது பொய்.

வீடு பெரியது. மனிதர் இருக்கிற இடம்தான் குறைவு. ஹோல் முழுக்கத் தூண்கள் சீலை சுற்றிப் படுத்துக் கிடக்கும். ரெஜிபோமில் செதுக்கின மயில்கள் பொலித்தீனுக்குள் நிற்கும். மாப்பிள்ளையும் பொம்பிளையும் இருக்கிற சிங்காசனக் கதிரைகள் வெள்ளை விரிப்புப் போர்த்திச் சுவரோரம் வரிசையாக இருக்கும். அதற்கு நடுவில் ஒரு மேசை, ஒரு லப்டொப். அதுதான் அவளுடைய இடம். யன்னலுக்குக் குறுக்கே ஒரு யானை நின்றது. வேறு இடமில்லாமல் வைத்தது. அதனால் பட்டப்பகலிலும் லைற்றைப் போட்டுக்கொண்டுதான் இருப்பாள்.

அலுமாரிக்கு மேலே அவளுடைய பயணப் பெட்டி. அதற்குள் மகன் வாங்கச் சொல்லி வாங்கிய குளிர்ச் சட்டை. அதை இடைக்கிடை எடுத்து முற்றத்து வெயிலில் காயப்போட்டு, பூச்சி உருண்டை மாற்றி, மடித்துத் திரும்ப வைப்பாள். எங்கள் ஊர் வெயிலில் அந்தத் தடித்த சட்டை கொடியில் தொங்குவதைப் பார்த்தால் எனக்கே வியர்க்கும்.

தொடக்கத்தில் வெள்ளிக்கிழமைகளில் என்னோடு கோயிலுக்கு வந்தாள். அங்கே கண்டவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்டார்கள்.

“என்ன பிள்ளை, இன்னும் போகேல்லையோ?”

“சரிவரும்,” என்பாள்.

பக்கத்து வளவு மணியக்கா ஒருநாள் நாலு பேருக்குக் கேட்கத்தக்கதாக, “உனக்குப் பிறகு கட்டினதுகள் எல்லாம் அங்கை போய்ப் பிள்ளையும் பெத்திட்டுதுகள். பேப்பரிலை ஏதும் பிழையோ?” என்றாள்.

நான் விடுவேனா? “அக்கா, உங்கடை மருமகள் அங்கை போய்ச் சேந்தாப் பிறகு உங்களுக்கு ஒரு கோல் எடுத்தவளோ? முதல் அதைச் சொல்லுங்கோ,” என்றேன். மணியக்கா திருநீறு வாங்கவும் நிற்காமல் போய்விட்டாள்.

ஆனால் அடுத்த வெள்ளி இவள் வரவில்லை. தலையிடி என்றாள். அதற்கடுத்த வெள்ளியும் தலையிடி. பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன். பாலர் பாடசாலையில் படிப்பிக்க வரச் சொல்லிக் கேட்டார்கள். நான்தான் வேண்டாமென்று சொல்லியனுப்பினேன். இன்றைக்கோ நாளைக்கோ பயணம் போகிறவள் வேலையொன்றைத் தொடங்கிப் பாதியில் விடுவதா? “மாமி சொன்னாச் சரி,” என்றாள். மகன் சொன்னதெல்லாம் செய்தாள். இங்கிலீசு படிக்கச் சொன்னான், லப்டொப்பிலே படித்தாள். கார் ஓடப் பழகச் சொன்னான், பழகினாள். சமையலில் உறைப்பைக் குறைக்கச் சொன்னான், அதையும் குறைத்தாள். உறைப்பில்லாத கறியை நானும் சேர்ந்து தின்றேன்.

இருந்தும் அந்தப் பார்க்கிற குணம் மட்டும் போகவில்லை. புது மணவறை ஒன்றைச் செய்து முடித்தால் எங்கள் முற்றத்தில் ஒருமுறை பொருத்திப் பூட்டிப் பார்ப்பது வழக்கம். பூட்டுகிறவன் செல்வம், என் மனுசன் காலத்திலிருந்து எங்களோடு நிற்கிறவன். அன்றைக்கும் பூட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றான். இவள் ஒரு பிளாஸ்ரிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் முற்றத்தின் ஒரு கரையில் போட்டு அதில் இருந்து பார்த்தாள். பிறகு மற்றக் கரையில் போட்டு இருந்தாள்.

“செல்வமண்ணை, இஞ்சை ஒருக்கால் வந்து இருங்கோ,” என்றாள்.

“தங்கச்சி, நான் இந்த வேலை தொடங்கேக்கை நீ பிறக்கவும் இல்லை.”

“ஓம் அண்ணை. அண்டையிலை இருந்து நீங்கள் ஏணியிலை நிண்டுதான் பாத்திருக்கிறியள். ஒருக்காலும் கதிரையிலை இருந்து பாக்கேல்லை.”

அவன் முணுமுணுத்துக்கொண்டு வந்து இருந்தான். பொம்பிளை இருக்கிற இடத்தை அந்தப் பக்கத்து யானையின் தும்பிக்கை மறைத்துக்கொண்டு நின்றது.

“கடவுளே!” என்றான் செல்வம். “இவ்வளவு காலமும் உந்தப் பக்கம் இருந்த சனம் பொம்பிளையையே பாக்கேல்லை. யானையைத்தான் பாத்திட்டுச் சாப்பிடப் போயிருக்கு!”

அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பு நல்ல நினைவு. அதைப் போல் பிறகு சிரிக்கவில்லை.

இனி வெப்சைற்றுக் கதைக்கு வருகிறேன். வெளிநாட்டுச் சனம் கலியாணம் வைக்க ஊருக்கு வருவதென்றால் அங்கேயிருந்தே போனில் தேடி எல்லாவற்றையும் ஒழுங்கு பண்ணிவிட்டுத்தான் பிளேன் ஏறுகிறது. அதனால் எங்களுக்கும் ஒரு வெப்சைற் வேண்டுமென்று மகன் தானே இருந்து செய்தான். செய்து முடித்து அனுப்பினபோது ஆடி மாதம். ஆடியில் யாராவது கலியாணக் கடை திறப்பார்களா? “ஆவணி பிறக்கட்டும், நாள் பாத்துத் திறப்பம். அதுமட்டும் ஒருத்தற்றை கண்ணிலையும் படக்கூடாது,” என்று சொன்னேன். “சரியம்மா, தேடினாலும் காட்டாத மாதிரி மறைச்சு விடுறன்,” என்றான்.

ஆவணியில் ஐயர் குறித்துத் தந்த நேரத்துக்கு முற்றத்தில் மணவறை பூட்டி, நிறைகுடம் வைத்து, குத்துவிளக்கேற்றி, மாப்பிள்ளை இருக்கிற சிங்காசனத்தில் லப்டொப்பை வைத்தோம். பொட்டு வைக்க இடம் தேடி அதன் முதுகில் வைத்தேன். செல்வம் தேங்காய் உடைத்தான். மகன் போனில் முகம் காட்டிக்கொண்டு நின்றான்.

“திறந்தாச்சம்மா!” என்றான்.

எல்லோரும் கை தட்டினோம். பொங்கல் பங்கிட்டோம்.

அதற்குப் பிறகு ஒரு கலியாணக் காலம் போயிற்று. அந்த வெப்சைற்றைப் பார்த்து வந்தோம் என்று ஒரு குருவியும் கேட்கவில்லை. டென்மார்க்கிலிருந்து ஒருத்தி கோல் எடுத்தாள். “அன்ரி, உங்களைத் தேடித் தேடிக் களைச்சுப் போனன். சித்திதான் நம்பர் தந்தவ. இன்ரநெற்றிலை தேடினால் யாழ்ப்பாண ரவுணிலை புதுசா வந்த ஆக்கள்தான் முன்னுக்கு நிக்கினம்,” என்றாள்.

மருமகள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அன்றைக்கே தேடத் தொடங்கினாள்.

முதலில் எங்கள் கடைப் பெயரைப் போட்டுப் பார்த்தாள். பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனால், கடைசியில் ஒரு மூலையில் எங்கள் விலாசம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. மற்றக் கடைகளுக்குக் கீழே படமும் விபரமும் இருந்தன. எங்களுக்குக் கீழே ஒன்றுமில்லை. பெயர்ப்பலகை மட்டும் தொங்குகிற பூட்டின கடை போல இருந்தது.

“பேரைப் போட்டுத் தேடிறது நாங்கள் மாமி. சனம் பேரைப் போடாது. நீங்கள் எண்டால் என்னெண்டு கேப்பியள்?” என்று என்னைக் கேட்டாள்.

“நான் ஏன் கேக்க? என்ரை வீட்டிலை மணவறை கிடக்கு.”

“இல்லை மாமி. நீங்கள் லண்டனிலை இருக்கிற ஒரு தாய். மகளுக்குக் கலியாணம். மானிப்பாயிலை ஒருத்தரையும் தெரியாது.”

மானிப்பாயில் ஒருத்தரையும் தெரியாதவளாக இருப்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. யோசித்துவிட்டு, “யாழ்ப்பாணத்திலை வடிவான மணவறை எங்கை எடுக்கலாம் எண்டு கேப்பன்,” என்றேன்.

“அந்தச் சொல்லு ஒண்டுகூட எங்கடை பக்கத்திலை இல்லை மாமி,” என்றாள்.

பக்கம் நிறைய எழுத்து இருக்கத்தானே செய்தது என்று கேட்டேன். அவள் காட்டினாள். மகன் கலியாணக் கார்ட் அடிப்பது போல எல்லா எழுத்தையும் பூவோடும் பொன்நிறத்தோடும் படத்துக்குள்ளேயே வைத்துவிட்டானாம். மனிதர் பார்த்தால் எழுத்து. தேடுகிற இயந்திரத்துக்கு அது வெறும் படம்.

“அதுக்குப் படம் விளங்காது மாமி, எழுத்துத்தான் விளங்கும்.”

“அப்ப எனக்கு நேர்மாறான ஆள்,” என்றேன்.

அவள் ஒவ்வொரு படத்திலும் இருந்த எழுத்தைத் தன் கையால் திரும்ப அடித்தாள். அடித்துவிட்டு, மேலே எதையும் தொடாமல் இருந்தாள். ஒன்றை மாற்றினால் பொறுக்க வேண்டும் என்பது அவளுடைய முறை. “ரண்டை ஒருமிக்க மாத்தினால் எதாலை சுகம் வந்ததெண்டு தெரியாது மாமி,” என்பாள். பொறுத்துப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. பிறகு படங்கள் பெரிதாக இருப்பதால் பக்கம் திறக்கக் கனநேரம் எடுக்கிறது என்று அவற்றைச் சிறிதாக்கினாள். பொறுத்தாள். பிறகு வேறு நாலு பேர் எங்களைச் சுட்டிக் காட்டினால்தான் மதிப்பு என்று, எங்கள் மணவறையைப் படம் பிடித்த வீடியோக்காரர்களுக்குக் கோல் எடுத்து, அவர்களுடைய பக்கத்தில் எங்கள் பெயரைப் போடக் கேட்டாள்.

“நாங்கள் போய்க் கெஞ்சுறதோ? என்ரை மனுசன் இருந்த காலத்திலை அவங்கள் எங்கடை வாசலிலை வந்து நிப்பாங்கள்,” என்றேன்.

“வாசல் மாறிப்போச்சு மாமி,” என்றாள்.

அவர்கள் போட்டார்கள். அவள் பொறுத்தாள். அதற்கும் அசையவில்லை.

எனக்கு அலுத்துவிட்டது. அவளுக்கு அலுக்கவில்லை. காலையில் முற்றம் கூட்டிவிட்டு வந்து, வெளிநாட்டுத் தாய் போல, மாப்பிள்ளையின் தமையன் போல, விலை மட்டும் கேட்கிற கஞ்சன் போல வேறு வேறு விதமாகத் தேடிப் பார்ப்பாள். சில வேளை அந்த ஆட்களின் குரலிலேயே வாய்விட்டுக் கேட்டுக்கொண்டு தேடுவாள். போர்த்து மூடின சிங்காசனங்களுக்கு நடுவில் அவள் இப்படித் தனியே கதைப்பதைக் கேட்கையில் நான் எழும்பி அடுப்படிக்குப் போய்விடுவேன்.

அவளால் எட்ட முடியாத இடமொன்றும் அதற்குள் இருந்தது. “படம் மாத்தலாம், எழுத்து மாத்தலாம். அமைப்புப் பகுதி மட்டும் எனக்குத் திறக்காது மாமி. அதின்ரை திறப்பு, அந்தப் பாஸ்வேர்ட், அவரிட்டை,” என்றாள். அந்தத் திறப்பைத் தரச் சொல்லி மகனிடம் கேட்டாள். “உனக்கேன் கரைச்சல், என்ன வேணுமெண்டாலும் என்னட்டைச் சொல்லு, நான் செய்யிறன்,” என்றானாம். அது எனக்கு அன்பாகத்தான் பட்டது.

ஒருநாள் காலை. நான் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து, “மாமி!” என்றாள். பாம்பைக் கண்டவள் போலக் கூப்பிட்டாள். ஓடிப் போனேன்.

“நான் இவ்வளவு காலமும் ஆக்கள் நிக்கிற இடத்திலை நிண்டுதான் பாத்தனான் மாமி. தேடுற இயந்திரம் வந்து நிக்கிற இடத்திலை நிண்டு ஒருக்காலும் பாக்கேல்லை,” என்றாள். “ஒவ்வொரு வெப்சைற்றின்ரை வாசலிலையும் அதுக்கெண்டு ஒரு அறிவித்தல் தொங்கும். எங்கடை கண்ணுக்குத் தெரியாது. விலாசத்துக்குப் பின்னாலை ஒரு சொல்லு போட்டாத்தான் தெரியும். இஞ்சை பாருங்கோ.”

பார்த்தேன். வெள்ளைத் திரை. மேலே இங்கிலீசில் இரண்டே வரி. ஒரு பூ இல்லை, ஒரு பொட்டு இல்லை.

“என்ன போட்டிருக்கு?”

“ஒருத்தரும் உள்ளுக்கு வரவேண்டாமெண்டு போட்டிருக்கு.”

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஆடி மாதத்தில் நான் மறைக்கச் சொன்ன மறைப்பு. நான் சொன்னதில் பிழையில்லை, ஆடியில் மறைக்கத்தான் வேண்டும். ஆவணியில் திறந்தாச்சென்று சொன்னவன் அதைக் கழற்றவில்லை. தேங்காய் உடைத்து, பொங்கல் பங்கிட்டு, கை தட்டினோம். வாசலை மறைத்து வைத்த தட்டி அப்படியே நின்றிருக்கிறது. அந்தத் தட்டிக்குப் பின்னால் இருந்துகொண்டுதான் இவள் எழுத்துகளை அடித்தாள், படங்களைச் சிறிதாக்கினாள், பொறுத்தாள்.

“மறந்து போயிருப்பான் பிள்ளை. வேலைப் பளு,” என்றேன்.

“ஓம் மாமி. மறந்திருப்பார்,” என்றாள்.

எங்கள் காலை அவனுக்குப் படுக்கப் போகிற நேரம். உடனே கோல் எடுத்தாள். போனை மேசையில் வைத்து எனக்கும் கேட்க விட்டாள். விஷயத்தைச் சொன்னாள். குறை சொல்லுகிற குரலில் சொல்லவில்லை.

“அப்பிடியே? நான் அண்டைக்கே கழட்டினனான்,” என்றான் மகன்.

“கிடக்கப்பா. நான் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்.”

“சரி, பொறு.” எங்கேயோ ரீவி பாடியது. “ஆ, கழட்டியாச்சு.”

அவள் திரையைப் புதுப்பித்தாள். இரண்டு வரியும் அப்படியே நின்றன. என் போனை எடுத்து அதிலும் பார்த்தாள். நின்றன. என் முகத்தைப் பார்த்தாள்.

“கழட்டியாச்சோ?” என்று திரும்பக் கேட்டாள்.

“ஓம், கழட்டியாச்செண்டு சொல்லுறன்.”

திரும்பப் பார்த்தாள். நின்றன.

அவள் லப்டொப்பிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்தாள். பிறகு, உப்புப் பார்க்கக் கேட்பது போல மெல்லக் கேட்டாள்.

“ஸ்பொன்சர் போட்டாச்சோ?”

“அது எப்பவோ போட்டாச்சு,” என்றான் என் மகன்.

அதே குரல். ஒரு மயிரிழை கூட வித்தியாசமில்லை. நான் பெற்ற குரல், எனக்குத் தெரியாதா? சின்ன வயதில், மாட்டுக்குத் தண்ணீர் வைத்தாயா என்று கேட்டால் இந்தக் குரலில்தான் “வைச்சாச்சு” என்பான். போய்ப் பார்த்தால் மாடு நாக்கைத் தள்ளிக்கொண்டு நிற்கும். அவன் பொய்காரன் இல்லை. செய்யத்தான் நினைப்பான். நினைத்ததும் அவனுக்குச் செய்தது போலவே ஆகிவிடும். அப்போதெல்லாம் வாளியை எடுத்துக்கொண்டு போய் நானே தண்ணீர் வைத்தேன்.

போனை வாங்கி நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தாய் கேட்டு மகன் பொய் சொல்லுகிற நிலைமையை நான் அவனுக்கு வைக்க மாட்டேன். “சரி, படுங்கோ,” என்று அவள் சொல்லிக் கோலை வைத்தாள். நான் விட்ட இடத்தில் முருங்கையிலையை உருவப் போனேன். காம்பும் இலையுமாக எல்லாவற்றையும் ஒன்றாகவே சட்டிக்குள் போட்டுவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஸ்பொன்சரைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. தன் முறைப்படி ஒன்றை மட்டும் மாற்றினாள். அதுவரை தினமும் காலையில் அவள்தான் அவனுக்குக் கோல் எடுப்பாள். அதை நிறுத்தினாள். நிறுத்திவிட்டுப் பொறுத்தாள். அந்தப் போன் மேசையில் கவிழ்ந்து கிடந்தது. அது சத்தம் போடும் என்று நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அடுப்படியில் நின்றாலும் என் காது அந்த மேசையில்தான் இருந்தது. இரண்டு பேரும் ஒரு மேசையைச் சுற்றிச் சுற்றி, அதைப் பற்றிக் கதைக்காமல் அந்தக் கிழமைகளைக் கழித்தோம். ஒரே ஒருமுறை அவனுடைய கோல் வந்தது. எனக்கு எடுத்தான். பிரஷர் குளிசை ஒழுங்காகப் போடுகிறேனா என்று கேட்டான். “அவளும் சுகமோ?” என்றான். “சுகம்,” என்றேன். அவள் பக்கத்தில்தான் நின்றாள். கையை நீட்டவில்லை.

அதே நாட்களில் வேறொரு வேலையும் நடந்தது. புது விலாசம் எடுத்து, புது வெப்சைற் ஒன்றைத் தானே கட்டினாள். இந்த முறை எல்லாத் திறப்பும் அவளிடம். ‘யாழ்ப்பாணத்தில் வடிவான மணவறை’ என்று நான் சொன்ன சொல்லையே மேலே போட்டிருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை, அதுவும் ராகுகாலம் தொடங்கிய பிறகு, அதைத் திறந்துவிட்டு வந்து சொன்னாள். என்னிடம் நாள் கேட்கவில்லை. நானும் ஏன் கேட்கவில்லை என்று கேட்கவில்லை.

திறந்துவிட்டு நேரே ஒழுங்கைக்குப் போனாள். எதிர் மதிலோடு நின்று தன் போனில் பார்த்தாள். வாசலில் தட்டி இல்லை என்றாள்.

மெல்லமெல்லத்தான் வந்தது. கடைசிப் பக்கத்தில் நின்றது முன்னே நகர்ந்தது. ஒருநாள் நோர்வேயிலிருந்து முன்பின் தெரியாத ஒரு தகப்பன் கோல் எடுத்தார். எப்படி எங்களைக் கண்டீர்கள் என்று கேட்டேன். “தேடினன் அக்கா, முதல் பக்கத்திலை நீங்கள்தான் நிண்டியள்,” என்றார். போனை வைத்துவிட்டு அவளைத் தேடினேன். அலுமாரிக்கு மேலே இருந்த பெட்டியை அவள் கீழே இறக்கிக்கொண்டிருந்தாள்.

“எங்கை பிள்ளை?” என்றேன்.

“கொழும்பிலை ஒரு கொம்பனி மாமி. இதே வேலைதான். ஆக்களின்ரை வெப்சைற் ஏன் முன்னுக்கு வரேல்லை எண்டு பாத்துச் சொல்லிற வேலை. நான் கேட்டு எழுதினனான். வரச் சொல்லிட்டினம்.”

“புத்தூரிலை என்ன சொல்லுகினம்?”

“அம்மா அழுகிறா. அப்பா ஒண்டும் சொல்லேல்லை.”

“அவனுக்குச் சொன்னனியோ?”

“அவர் கேட்டால் சொல்லுவன்.”

போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. என் மகனின் பெண்சாதி, என் வீட்டை விட்டுப் பெட்டியோடு போகிறதா, ஊர் என்ன சொல்லும் என்று கேட்க எல்லாச் சொல்லும் நாக்கில் வந்து நின்றன. அவள் பெட்டியைத் திறந்து, அந்தக் குளிர்ச் சட்டையை எடுத்து, மடிப்புக் குலையாமல் பக்கத்திலிருந்த சிங்காசனத்தில் வைத்தாள். இடம் வந்த பெட்டிக்குள் லப்டொப்பை வைத்தாள். நான் போய் அவளுக்குச் சோறு கட்டினேன். உறைப்புப் போட்டுத்தான் கறி வைத்தேன்.

காலை பஸ்ஸுக்குப் போனாள். செல்வம் பெட்டியைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு முன்னே போனான். அவள் படலையால் இறங்கி, எதிர் மதிலோடு ஒட்டி நின்று, வழக்கம் போல எங்கள் வீட்டைப் பார்த்தாள். நான் உள்ளே நின்றேன்.

“என்ன பிள்ளை, பிழை ஏதும் தெரியுதோ?” என்றேன்.

அவள் கனநேரம் பார்த்தாள்.

“இல்லை மாமி. இஞ்சை நிண்டு பாத்தால் வடிவான வீடு,” என்றாள். பிறகு போய்விட்டாள்.

இப்போது எங்களுக்கு வேலை குறைவில்லை. யன்னலுக்குக் குறுக்கே நின்ற யானை கலியாணம் கலியாணமாகத் திரிகிறது. ஹோலுக்குள் வெளிச்சம் வருகிறது. அந்தக் குளிர்ச் சட்டையில் சுற்றித்தான் செல்வம் கண்ணாடி விளக்குகளை லான்ட்மாஸ்டர் வண்டியில் ஏற்றுகிறான். உடையாமல் போய் வருகின்றன. பின்னேரங்களில் கேற்றைச் சாத்தினால் நான் நேரே உள்ளே வந்துவிடுவேன். ஒழுங்கைக்கு இறங்க எனக்கு முழங்கால் விடாது.

மகன் இப்போது அடிக்கடி கோல் எடுக்கிறான். போன கிழமையும் எடுத்தான்.

“அம்மா, எல்லாப் பேப்பரும் எடுத்து வைச்சிட்டன். இந்தக் கிழமை ஸ்பொன்சர் போட்டிடுவன். அவளைத் திரும்பி வரச் சொல்லி நீங்கள் ஒருக்கால் கதையுங்கோ. நீங்கள் சொன்னாக் கேப்பாள்.”

“சரி,” என்றேன்.

நேற்றுத் திரும்ப எடுத்தான்.

“கதைச்சியளோ அம்மா?”

நான் மணவறைக் கதிரை ஒன்றில் விரிப்பைத் தள்ளிவிட்டு இருந்தேன். முற்றத்தில் செல்வம் புது யானை ஒன்றுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தான். அவளுடைய நம்பர் என் போனில்தான் இருக்கிறது. ஒருமுறை அழுத்தினால் போகும்.

“கதைச்சாச்சு,” என்றேன்.

அவன் நம்பிவிட்டான். வெளியே நின்று பார்க்கிற பழக்கம் அவனுக்கு இல்லை.